ஓய்வுக்கால வீட்டுச் சிரிப்பை எழுதி வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2018-ஆம் ஆண்டு. ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில், சமையலறை அலமாரியிலிருந்த இருபத்தேழு டப்பாக்களையும் இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றிலும் பேரேட்டில் எழுதும் அதே கையெழுத்தில் பெயர்ச் சீட்டு ஒட்டி, கடுகு, சீரகம், துவரம்பருப்பு, மிளகு, வெந்தயம் என்று அகர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். மாலையில் ரசம் வைக்க வந்த என் மாமியார், அதாவது அவருடைய அம்மா, அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"மிளகு எங்கடா?"

"மகர வரிசையில இருக்கும்மா."

"அது எந்தத் தட்டு?"

"கடைசிக்கு முந்தின தட்டு. சீட்டு ஒட்டியிருக்கேன், பாரும்மா."

"எனக்கு மகர வரிசையும் தெரியாது, ககர வரிசையும் தெரியாது. அஞ்சறைப் பெட்டியில ஒரு குழியில மிளகு இருந்துச்சு. அந்தக் குழி எங்க?"

அன்று இரவு இந்த உரையாடலை நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஏழு ஆண்டுகளில் அது ஆறு நோட்டுகளாகப் பெருகியிருக்கிறது. கும்பகோணத்தில் அஞ்சலகக் கவுண்டரில் பல்லாண்டுக் காலம் மற்றவர்கள் எழுதியதை வாங்கி முத்திரையிட்டு அனுப்பிய எனக்கு, 2021-இல் ஓய்வு பெற்ற பிறகு மனத்துக்கு மிக நெருக்கமான வேலையாக இது அமைந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்களில் பலர் சுயசரிதை எழுத உட்கார்ந்து, பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும் எழுதிப் பத்தாம் பக்கத்தில் நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறேன். பெரிய நூலை எழுத வேண்டும் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, இன்று வீட்டில் நடந்த ஒன்றை இன்றே எழுதுவது எவருக்கும் முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்கான முறையை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: நோட்டும் நேரமும்

அகலக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு நெருக்கமான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோலத் தெரியும். அந்தச் சிரமத்திலேயே பலர் நான்கு நாளில் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் விளக்கை இடப்பக்கம் வைத்துக்கொண்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. நோட்டை அலமாரிக்குள் வைக்காமல், சாப்பாட்டு மேசை போலக் கை எட்டும் இடத்திலேயே வைத்திருங்கள்.

நடந்ததை அன்றே எழுத வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவள். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் பேச்சின் கருத்து மனத்தில் நிற்கும், சொன்ன சொல் போய்விடும். சிரிப்பு இருப்பதோ சொன்ன சொல்லில்தான். அடுப்பில் வேலை இருக்கும்போது உட்கார்ந்து எழுத முடியாது என்பதால் மூன்று சொற்களை மட்டும் குறித்து வைப்பேன். "மகர வரிசை, அத்தை, குழி" என்ற மூன்று சொற்கள் இருந்ததால்தான் அந்த மாலை முழுவதையும் இரவு பத்து மணிக்கு என்னால் திரும்பக் கொண்டுவர முடிந்தது. பக்கத்தின் தலைப்பில் தேதியும் கிழமையும் போட மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: எங்கே பார்ப்பது

சிரிப்பைத் தேடி அலைய வேண்டாம். முப்பது நாற்பது ஆண்டுகள் காலையில் பிரிந்து இரவில் சந்தித்த இரண்டு பேர் முழு நாளும் ஒரே கூரையின்கீழ் இருக்கத் தொடங்கும்போது, ஒருவரின் பழக்கம் மற்றவரின் பழக்கத்தின் மேல் எங்கே இடிக்கிறதோ அந்த இடங்களைக் கவனித்தாலே போதும். நாளிதழை முதலில் பிரிப்பவர் யார், மின்விசிறி எந்த எண்ணில் சுழல வேண்டும், கடையில் கொடுத்த நெகிழிப் பைகளை மடித்து வைப்பதா உருட்டி வைப்பதா, மூன்றரை மணிக் காபியா நான்கு மணிக் காபியா என்ற இவையெல்லாம் எங்கள் வீட்டில் தனித்தனிப் பக்கங்களாகியிருக்கின்றன.

வீட்டுக்கு வெளியே எனக்குப் பிடித்த இடம் மகாமகக் குளத்தின் கரை. காலை நடைக்கு வருகிற ஓய்வூதியர்கள் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களைக் கடந்து நடந்து, பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தைய நாள் சோதனையில் வந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் என் கணவரின் நண்பர் ஒருவர் "நூத்துப் பதினெட்டு" என்றார். பக்கத்திலிருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்ல ஸ்கோரு. அவுட்டாவாம ஆடுங்க" என்றார். நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கு பறந்தது. ஒருவர் நோயை இன்னொருவர் கேலி செய்வதாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இருக்கிற ஒன்றை எல்லோரும் சேர்ந்து தூக்கிப் பிடிப்பதாகவே பட்டது, அதனால்தான் எழுதினேன்.

மூன்றாம் படி: பேச்சைப் பேச்சாகவே விடுதல்

நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். மனிதர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். "அந்தக் குழி எங்கே இருக்கிறது?" என்று திருத்தி எழுதினால், அங்கே என் மாமியார் இல்லை, யாரோ ஒரு பாடநூல் பாட்டி நிற்கிறார். அழைக்கும் முறையும் அப்படித்தான். எங்கள் பேத்தி என்னை அப்பாயி என்பாள். உங்கள் வீட்டில் ஆச்சியோ, அம்மாச்சியோ, பாட்டியோ, நன்னியோ எப்படி அழைக்கிறார்களோ அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, அந்த ஒரு சொல்லே வீட்டின் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நீளத்தைப் பற்றி அஞ்சலகம் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்ல வேண்டும். தந்தியில் சொல்லுக்குக் காசு. ஆகவே பிறப்பையும் இறப்பையும் வேலை கிடைத்ததையும் மக்கள் நான்கைந்து சொற்களில் சொல்லி முடித்தார்கள். அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு கட்டம் இருந்தது. பம்பாயில் வேலை பார்த்த பிள்ளைகள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அனைத்தையும் அந்தக் கட்டத்துக்குள் அடக்கினார்கள். இன்லேண்ட் லெட்டரிலோ இடம் தீர்ந்ததும் ஓரத்தில் குறுக்காக எழுதிக் கடைசியில் "மற்றவை நேரில்" என்று முடிப்பார்கள். என் கணக்குப்படி ஒரு வீட்டு நிகழ்ச்சிக்கு இன்லேண்ட் லெட்டர் அளவு இடம் தாராளம். அதற்குமேல் போனால் இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று பொருள், பிரித்து எழுதுங்கள். சிரிப்பு வந்த சொல்லோடு பக்கத்தை நிறுத்துவதும் முக்கியம். "இதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்" என்று அடுத்த வரி எழுதினால், படிப்பவர் சிரிக்க இருந்த இடத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

நான்காம் படி: மூப்பை எழுதுதல்

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் வேண்டும். நானும் இங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே, கூடத்தில் இருந்த என் கணவரிடம், "ஏங்க, பருப்பு வெந்துருச்சான்னு பாருங்க" என்றேன். "செருப்பு வெளியிலதான் கெடக்கு, போட்டுக்க" என்று பதில் வந்தது. எழுதினேன். அடுத்த வாரம் "தம்பி பேசினான்" என்றது "தண்ணி வீசினான்" ஆயிற்று. அதையும் எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டியபோது இப்படி ஒன்பது குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாக நடந்தபோது வேடிக்கையாக இருந்தது, ஒரே பார்வையில் ஒன்பதாகத் தெரிந்தபோது எனக்கு வேறொன்றைச் சொல்லியது. ஒவ்வொன்றிலும் சொல்லின் ஓசை காதில் விழுந்திருக்கிறது, பெரும்பாலும் மெய்யெழுத்துகளே மாறிப் போயிருக்கின்றன.

காது மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கினார். வயது கூடும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால் காதுக்கு எட்டுகிறது; ச, த, ப போன்ற வல்லின மெய்களைப் பிரித்துக் காட்டும் ஒலி உயர்ந்த சுருதியில் இருப்பதால் கரைந்துபோகிறது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இன்னும் உரக்கக் கத்துவதால் பயன் குறைவு. முகத்தைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாகப் பேசுவதே உதவும். மருத்துவர் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார், பிறகு ஒலிச் சோதனைக்கு அனுப்பினார், அதன் பிறகே காதுக்கருவியைப் பரிந்துரைத்தார். கருவிக்குக் காதும் மூளையும் பழகச் சில வாரங்கள் ஆகும் என்றும் முன்பே சொல்லிவிட்டார். கருவியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் கூடத்தில் நின்று மேலே பார்த்தார்.

"இந்த ஃபேன் எப்பலேருந்து கத்துது?"

"அஞ்சு வருஷமா."

இது எங்கள் மூன்றாம் நோட்டின் முதல் பக்கம்.

மறதியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவதும், அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதும், எதிர்வீட்டுப் பையனை அவன் அப்பா பெயரால் கூப்பிடுவதும் எழுதத் தக்கவை. பெயர் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வந்துவிடும். ஆனால் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை கேட்பது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கென்று விளங்காமல் பார்ப்பது, வழக்கமாகப் போடும் பால் கணக்கைப் போட முடியாமல் தடுமாறுவது ஆகியவற்றைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு போன்ற குணப்படுத்தக்கூடிய காரணங்களாலும் மறதி வரக்கூடும் என்பதால், வயதானால் அப்படித்தான் என்று சும்மா இருப்பது பெருந்தவறு. எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மாவுக்கு அப்படித் தொடங்கியதை, நாங்கள் எல்லோரும் ஒரு வருடம் வேடிக்கைக் கதையாகவே பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஐந்தாம் படி: காகித வேலை நாட்களை விடாதீர்கள்

ஓய்வூதியக் குடும்பங்களில் நிச்சயமாக ஒரு பக்கம் தரக்கூடிய நாள், உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் நாள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் அதைக் கொடுக்க வேண்டும். எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறை வந்த பிறகு, ஆதார் எண்ணோடு விரல் ரேகையைப் பதித்தோ கைப்பேசியில் முகத்தைக் காட்டியோ சான்று கொடுக்க முடிகிறது. 2020-இலிருந்து அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து சிறு கட்டணத்தில் இதைச் செய்து தருகிறார். ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு விவரம், கைப்பேசி ஆகியவற்றை முதல் நாளே ஓர் உறையில் எடுத்து வையுங்கள்.

என் மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சென்ற அக்டோபரில் அஞ்சல்காரர் வந்து அவர் விரலைக் கருவியில் வைத்துப் பார்த்தார். ஆறு விரல்கள் மாற்றியும் ரேகை விழவில்லை. வயதானால் தோல் மெலிந்து வரிகள் தேய்வது இயல்பு. எழுபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த கை என்றால் கேட்க வேண்டியதில்லை. "நான் உக்காந்திருக்கேன், பேசுறேன், உனக்கு மோரு குடுத்தேன். உயிரோட இருக்கேன்னு நான் சொன்னாப் பத்தாதா தம்பி?" என்று அவரைக் கேட்டார். முகத்தைக் காட்டும் முறைக்கு மாறினார்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடித் தெறங்க ஆயா" என்றார் அஞ்சல்காரர். மாமியார் கண்ணை மூடினார், கையையும் குவித்தார், திறக்கவேயில்லை. சாமி கும்பிடச் சொல்கிறார் என்று எண்ணிவிட்டார். மூன்றாம் முறை சரியாக விழுந்தது.

அன்று மாலை என் கணவர் அவருக்கு ஓய்வூதியக் கணக்கை விளக்கினார். எண்பது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் இருபது விழுக்காடு கூடுதல், எண்பத்தைந்தில் முப்பது, தொண்ணூறில் நாற்பது, தொண்ணூற்றைந்தில் ஐம்பது, நூறு நிறைந்தால் நூறு விழுக்காடு.

"நூறுன்னா எவ்வளவுடா?"

"இரட்டிப்பும்மா."

"அப்ப இருந்து பாத்துருவோம்."

ஆறாம் படி: பழைய காலத்துக்குத் தேதி போடுதல்

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழைய நிகழ்ச்சிகளையும் அதே நோட்டில் எழுதலாம். "அது எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஊர் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் ஒன்றோடு சேர்த்துக் கேளுங்கள். எங்கள் ஊரில் அதற்கு மகாமகம் இருக்கிறது. 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016 என்ற வரிசையை நோட்டின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். "நேரு வந்தப்பவா?" என்பதைவிட "அந்த மகாமகத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் மாமியார் யோசிக்காமல் சொல்வார். 1956 மகாமகம் முடிந்து இரண்டாம் வருடம் அவருக்குத் திருமணம், ஆக 1958. உங்கள் ஊருக்குப் புயலோ, தேரோட்டமோ, மின்சாரம் வந்த நாளோ அந்த இடத்தில் நிற்கும்.

ஏழாம் படி: கேட்டு எழுதுதல்

யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடம் அந்தப் பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். டப்பாப் பக்கத்தை என் கணவரிடம் வாசித்தபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "இருபத்து மூணு டப்பா இல்ல, இருபத்தேழு." திருத்திவிட்டேன். வேறொரு பக்கத்தை, அவர் வேலையின் கடைசி நாளைப் பற்றியதை, யாருக்கும் வாசிக்க வேண்டாம் என்றார். அது தனி உறையில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கேயும் அதை நான் சொல்லப்போவதில்லை. மருமகளைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் வாசிப்பதில்லை, பண விவகாரமும் சொத்துப் பேச்சும் நோட்டுக்குள் வருவதில்லை, ஒருவர் அழுத நாளை மற்றவர் சிரிப்புக்காக எழுதுவதில்லை என்பவை நான் மீறாத விதிகள்.

எட்டாம் படி: காப்பதும் வாசிப்பதும்

ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ச் சுவர்கள் ஈரம் உறிஞ்சும். கீழ்த்தட்டில் வைத்த நோட்டைச் செல் அரிக்கும். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரத்தில், அந்துருண்டை போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைகளில் இருவருக்கு அனுப்பிவிட்டால் கவலை இல்லை. எழுதக் கை ஒத்துழைக்காதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளிலேயே இருக்கிறது, பேச்சு வழக்கை மட்டும் அது திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோட்டை வாசிக்க ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிறு இரவு எட்டு மணி. மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. பேத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. காணொலி அழைப்பில் வாரம் ஒரு பக்கம் வாசிப்பேன். டப்பாப் பக்கத்தை வாசித்த அன்று, "அப்பாயி, மகர வரிசைன்னா என்ன?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறிலிருந்து என் வாசிப்பு முடிந்ததும் அவளுடைய தாத்தா கைப்பேசியை வாங்கிக்கொண்டு, ம, மா, மி, மீ என்று தொடங்கினார். வாரத்துக்கு ஒரு வரிசை. கரும்பலகை ஒன்றும் வாங்கிக் கூடத்தில் மாட்டினார்.

இந்தப் பொங்கலுக்கு அவர்கள் வந்திருந்தபோது, வெண்பொங்கல் தாளிக்க நின்ற என் மாமியார் வழக்கம்போல, "மிளகு எங்க?" என்று கேட்டார். பேத்தி முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வொரு சீட்டாக விரல் வைத்து, "து... வ... ர... ம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே நகர்ந்து, கடைசிக்கு முந்தின தட்டில் நின்று ஒரு டப்பாவை எடுத்தாள்.

"இந்தாங்க பெரிய அப்பாயி. மகர வரிசை."

மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "மிளகுதான்" என்றார்.